‘ஆகவே’ என்ற சொல்

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் சோதனை முறையாகத் தமிழ் வழி பி.ஏ. வகுப்பு தொடங்கியது. முன்னது விமர்சனத்துக்கு ஓர் உரைநடையைத் தேடியது; பின்னது பாடத்துக்கு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கலைச்சொற்கள் வந்தன, பாடநூல்கள் வந்தன. ஆனால் காரணகாரியத்தைத் தாங்கும் வாக்கியத்தை ஒவ்வொரு மாணவனும் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரும்பாலும் நோட்ஸை மனப்பாடம் செய்தோம்.

பின்னாளில் மண்ணரையிலிருந்து தமிழ் வழியில் வரலாறு படிக்கப் போனவன் நான். என் முதல் கட்டுரை, 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர் நடத்திய 127 நாள் வேலைநிறுத்தம் பற்றியது. அப்பா அதில் இருந்தவர், கோபமாகவே எழுதியிருந்தேன். ஆசிரியர் நான்கு ‘ஆகவே’க்களைச் சிவப்பு மையால் சுழித்து, “காரணம் எங்கே?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

திரும்ப எழுதினேன். கோரிக்கை பஞ்சப்படி. விலைவாசி ஏற ஏற அதே கூலிக்கு வாங்க முடிந்தது குறைந்தது. இதைச் சொன்ன பிறகுதான் ‘ஆகவே’ நின்றது. வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழில் சிறு யூனிட்டுகளாகப் பிரிந்ததை எழுதும்போதும் கை ‘ஆகவே’க்குத்தான் போயிற்று. யோசித்து, ‘அதற்குப் பிறகு’ என்று மாற்றினேன். மூன்று வருஷத்தில் நான் கற்றது இந்த வித்தியாசத்தைத்தான்.

கல்லூரித் தமிழைக் கேலி செய்வது நம் வழக்கம். நம் விமர்சனக் கட்டுரைகளில் எத்தனை ‘ஆகவே’ அந்தச் சிவப்பு மைக்குத் தப்பும்?