சர்வதேச நல்லுணர்வுக் கல்வி

பிற தேசத்தாரின் சரித்திரம், சமயம், வாழ்க்கைமுறை ஆகியவற்றை மாணவர் தெரிந்துகொள்வதோடு நில்லாமல், அவர்களோடு கூடிச் சிந்திக்கவும் உழைக்கவும் பழகும் வண்ணம் பள்ளியின் அன்றாடப் பாடங்களை அமைத்துக்கொள்ளும் கல்விமுறை சர்வதேச நல்லுணர்வுக் கல்வி எனப்படும். உலகக் குடிமைக் கல்வி, பண்பாட்டிடைக் கற்றல் என்னும் பெயர்களும் இந்நாளில் இதற்கு வழங்குகின்றன. இது தனிப் பாடமன்று; சரித்திரம், பூகோளம், இலக்கியம், விஞ்ஞானம் ஆகிய எல்லாவற்றினூடும் பரவி நிற்பது.

தோற்றமும் வளர்ச்சியும்

முதல் உலகப் போர் முடிந்த பின்னரே இக்கருத்து ஸ்தாபன வடிவம் பெறத் தொடங்கியது. 1921-இல் ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் விசுவபாரதி என்னும் கல்வி நிலையத்தை நிறுவினார். சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரிய சீன பவனம் 1937-இல் அங்கே திறக்கப்பட்டது. சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் அலுவலகத்திலும் பணியாற்ற வந்தவர்களின் குழந்தைகளுக்காக 1924-இல் ஜெனீவாவில் சர்வதேசப் பள்ளி ஒன்று தோன்றியது.

1945 நவம்பர் 16-ஆம் நாள் லண்டனில் கையொப்பமான சாசனத்தின்படி அமைந்த யுனெஸ்கோ, இம்முயற்சியைச் சாதாரணப் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்ல விரும்பி, 1953-இல் 15 நாடுகளைச் சேர்ந்த 33 உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றிணைத்தது. மனித உரிமைகள், பெண்களின் உரிமைகள், பிற நாடுகளைப் பற்றிய ஆய்வு என்னும் மூன்று பொருள்களை அப்பள்ளிகள் தொடக்கத்தில் மேற்கொண்டன. அந்தச் சிறு கூட்டம் இன்று 180-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 12,000 கல்விக்கூடங்களாகப் பெருகியுள்ளது. இத்துறை குறித்து 1974-இல் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்ற பரிந்துரை, 2023-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. மணவை முஸ்தபாவை ஆசிரியராகக் கொண்டு தமிழில் வெளிவந்த ‘யுனெஸ்கோ கூரியர்’ மாத இதழ், இதே நோக்கம் தமிழ் வாசகரை எட்டிய வழிகளுள் ஒன்றாகும்.

பாடநூல் திருத்தம்

பகைமை பள்ளிக்குள் நுழையும் வாயில்களில் பிரதானமானது சரித்திரப் பாடநூலே என்பதை உணர்ந்த ஜெர்மானியப் பேராசிரியர் கெயோர்க் எக்கெர்ட், அதனைச் சீர்திருத்துவதற்காக 1951-இல் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே பிரெஞ்சு, ஜெர்மானியச் சரித்திர ஆசிரியர்கள் கூடி, தங்களுக்குள் பூசலை விளைவித்துவந்த விஷயங்களைப் பற்றி 40 முடிவுகளை வகுத்தனர். 1914-இல் ஏதேனும் ஓர் அரசோ மக்களோ முன்கூட்டியே திட்டமிட்டு ஐரோப்பியப் போரை மூட்டியதாகக் கூறுவதற்கு ஆவணங்கள் இடந்தரவில்லை என்பது அவற்றுள் ஒன்று.

பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் செய்துகொண்ட எலிசே உடன்படிக்கையின் நாற்பதாம் நிறைவை ஒட்டி 2003-இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர்கள், இரு நாட்டுக்கும் பொதுவான ஒரே சரித்திர நூல் வேண்டுமென்று கேட்டனர். அதன் விளைவாக 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொகுதிகளும், மொழி ஒன்றே வேறாக, இரு நாடுகளிலும் ஒரே பொருளைக் கூறுகின்றன. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் அமெரிக்காவுக்கு இருந்த பங்கு போன்றவற்றில் ஆசிரியர்களிடையே எழுந்த அபிப்பிராய பேதத்தை அந்நூல் மறைக்கவில்லை. இரு தேசத்தாரும் எங்கெங்கே வேறுபட்டு நோக்குகின்றனர் என்பதையே மாணவர்முன் பாடமாக வைத்தது. எனினும் இருமொழி வகுப்புகளுக்கு வெளியே அது பெரிதும் பரவவில்லை.

வகுப்பறை முறைகள்

விலையுயர்ந்த கருவி எதுவும் இக்கல்விக்கு இன்றியமையாததன்று. எடுத்துக்காட்டாக, 1569-இல் படவரைஞர் மெர்க்காத்தோர் கடலோடிகளுக்காக வகுத்த முறையில் அமைந்த சுவர்ப்படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவினதாகத் தோன்றும். பூகோள உருண்டையிலுள்ள கிரீன்லாந்தின்மேல் மெல்லிய தாளை ஒற்றி, அதன் உருவை வரைந்து கத்தரித்து, அதே உருண்டையிலுள்ள ஆப்பிரிக்காவின்மேல் வைத்துப் பார்க்கும் சிறுவன், அக்கண்டத்துக்குள் அத்தீவு ஏறத்தாழப் பதினான்கு முறை அடங்கும் என்பதைத் தன் கையாலேயே கண்டுகொள்கிறான். திசையைப் பிழையின்றிக் காட்ட முற்பட்ட படம் பரப்பளவை இழந்தது என்பதும், எந்தப் படமும் ஒரு தேவைக்காக வரையப்பட்டதே என்பதும் அப்போது அவனுக்கு விளங்குகின்றன.

கூட்டுழைப்புக்குப் பால்டிக் கடல் திட்டம் சிறந்த எடுத்துக்காட்டு. 1989-இல் பின்லாந்தின் முன்முயற்சியால் தொடங்கிய இத்திட்டத்தில், அக்கடலைச் சூழ்ந்த ஒன்பது நாடுகளின் மாணவர்கள் நீரின் தன்மை, பறவைகள், செடிகொடிகள் பூக்கும் பருவம், கரையில் ஒதுங்கும் குப்பை ஆகியவற்றை ஒரே முறைப்படி குறித்துவைத்து ஒப்பிடுகின்றனர். ஒரு கரையில் கலந்த கழிவு மறு கரையின் நீரையும் கெடுக்கும் என்பதை அறிந்த மாணவனுக்கு, அயல்நாட்டான் என்பவன் பாடப்புத்தகத்துப் படமாக இராமல், தன்னுடைய அளவீட்டை எதிர்பார்த்திருக்கும் உடனுழைப்பாளன் ஆகிவிடுகிறான்.

குறைகளும் இடையூறுகளும்

அயல்நாட்டு உடையையும் உணவையும் ஒருநாள் காட்சிக்கு வைத்து, கொடிகளைக் கட்டி, மறுநாள் அவிழ்த்துவிடுவதையே இக்கல்வியாகக் கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. வேற்றுமையை வேடிக்கைப் பொருளாக்கும் இவ்வழக்கம் பழைய தப்பெண்ணங்களைச் சில வேளைகளில் உறுதிப்படுத்தவும் கூடும். செல்வ நாட்டுப் பள்ளியும் ஏழை நாட்டுப் பள்ளியும் உறவு பூணுமிடத்து, ஒன்று வழங்குவதாகவும் மற்றொன்று வாங்குவதாகவும் அவ்வுறவு சுருங்கிவிடுவது இன்னொரு குறை. தேர்வுக்குரிய பாடங்களின் நெருக்கடியும், ஆசிரியர் பயிற்சியின் போதாமையும், பொதுமொழி ஒன்று இல்லாமையும் நடைமுறை இடையூறுகளாம். பிறரைப் பற்றிய செய்திகளைச் சேர்ப்பது எளிது. தன்னுடைய சரித்திரத்தையும் தன் நாட்டுப் படத்தையும் பிறர் கண்கொண்டு ஒருமுறை பார்க்க மாணவனைப் பழக்குவதே இக்கல்வியின் கடினமான பகுதி.