அல்லெகோரியா: ஒரு சொல்லும் இரு நகரங்களும்

ஹோமரின் காவியங்களில் தேவர்கள் தங்களுக்குள் சண்டையிடுகிறார்கள். அக்கதைகளுக்குள் வேறு பொருள் பொதிந்திருக்கிறது என்று வாதாடியவர்கள் கிரேக்கத்தில் பழங்காலத்திலேயே இருந்தார்கள். பிளேட்டோ காலத்தில் அந்த உட்பொருளுக்கு 'ஹுபோனோயா' என்று பெயர். பிற்பாடு அதன் இடத்தை 'அல்லெகோரியா' பிடித்தது. 'அல்லோஸ்' என்றால் வேறு. மற்றப் பகுதி அவையில் பேசுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. முன்பு ஹுபோனோயா என்றதையே இப்போது அல்லெகோரியா என்கிறார்கள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

இந்தச் சொல்லின் வினைவடிவத்தைப் பவுல் கையாண்டார். கலாத்தியர் 4:24இல் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாகக் காட்டுகிறார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வருவது அங்கே மட்டும்தான். அந்த ஓரிடமே பெரிய வழக்குக்கு வித்தாயிற்று.

அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர் பிலோ ஏற்கெனவே மோசேயின் நூல்களை இம்முறையில் விளக்கியிருந்தார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் இன்னும் துணிந்து போனார். சூரியன் படைக்கப்படுமுன் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று நேராகவே கேட்டார். இத்தகைய முரண்கள் வாசகன் எழுத்தோடு நின்றுவிடாதபடி வேண்டுமென்றே வைக்கப்பட்ட இடறுகற்கள் என்பது அவர் விடை. அவர் வரலாற்றையே மறுத்தார் என்பது அநியாயமான பழி. நிகழ்ந்தவையாகக் கொள்ளவேண்டிய பகுதிகளே மிகுதி என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்தியோக்கியா மரபினர் இதை ஏற்கவில்லை. ஆகார் வாழ்ந்திராவிட்டால் பவுலின் வாதத்துக்குத் தளம் ஏது என்பது மொப்சுவெஸ்தியாவின் தியோடோர் எழுப்பிய தடை. கிறிசோஸ்தோம் சொல்லின் மேலேயே கை வைத்தார்: முன்னடையாளத்தைத்தான் பவுல் அல்லெகோரியா என்று வழக்குக்கு மாறாகச் சொல்லிவிட்டார் என்றார். உரையாசிரியர் ஒருவர் அப்போஸ்தலரின் சொல்லாட்சியையே இப்படித் திருத்தியது எனக்கு இன்றும் வியப்பு. தங்கள் முறைக்கு அவர்கள் விரும்பிய பெயர் 'தெயோரியா', அதாவது காட்சி. நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவே வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் பார்ப்பது.

ஆகவே ஒரு நகரம் எழுத்தையும் மற்றொன்று உருவகத்தையும் பற்றிக்கொண்டது என்னும் பாடப்புத்தகப் பிரிவினை பொருந்தாது. மேற்பொருள் உண்டென்று இருவரும் நம்பினார்கள். அதைச் சொல்லும்போது கதை நிற்கவேண்டுமா, விலகலாமா என்பதில்தான் பிளவு.

553இல் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், வேறு கோட்பாட்டுக் காரணங்களுக்காக, ஓரிஜன், தியோடோர் இருவரையுமே சபித்தது. அல்லெகோரியா என்னும் சொல்லோ லத்தீன் வழியாக மேற்குத் திருச்சபையின் விளக்கவுரைகளில் நிலைபெற்றுவிட்டது.