வீடு, நெல், வாரிசு: நம் கலைஞர்கள் பிழைத்த கதை

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன நவராத்திரிக்கு எங்கள் தொண்டூழியர் குழு ஒரு மிருதங்கத் தம்பியைக் கூப்பிட்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே கற்றுக்கொண்ட பையன். "சாமி காரியம் தம்பி, வந்து வாசிச்சுட்டுப் போ" என்றோம். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "வர்றேன் அண்ணே. ஆனா அன்னிக்கு ரெண்டு வகுப்பை விட்டுட்டு வரணும். ஏதாவது கொடுப்பீங்களா?" எங்களுக்குச் சுருக்கென்றது. சாமிக்கு வாசிக்கக் காசா? கடைசியில் தம்பி வந்தார், வாசித்தார், சால்வை போட்டோம், பிரசாதம் கொடுத்தோம். அதே மேடைக்குப் பூ அலங்காரம் செய்தவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பில் பார்த்துப் பணம் கொடுத்தோம். கணக்கு எழுதும்போதுதான் அது உறைத்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படித்தோம். நாங்கள் படித்தவர்கள் இல்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். படித்ததில் புரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் தஞ்சாவூர். பெரிய கோயில் கட்டிய ராஜராஜ சோழன் 1014 வாக்கில் ஒரு பெரிய கல்வெட்டு வெட்டி வைத்தான். வேறு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்திய கணக்கு அது. ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆட்டம் கற்றுக்கொடுக்கும் நட்டுவனார், பாடுகிறவர், கொட்டுகிறவர், குழல் ஊதுகிறவர் எல்லாருக்கும் அதே மாதிரி பங்கு எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டுப் போய்விட்டாலோ, அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்குப் போகும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லை என்றால், தகுதியான வேறு ஆளைத் தேர்ந்தெடுத்து வேலை செய்ய வைக்க வேண்டும்.

அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மூன்று விஷயத்தை எழுதி வைத்துவிட்டார்கள்: இருக்க இடம், நிலையான வருமானம், அடுத்த ஆள். பின்னாளில் இந்த ஏற்பாடு கெட்டுப்போய்ப் பெண்கள் பட்ட துன்பமும் வரலாறுதான். 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அது சரியான முடிவு. அதனால் பழைய முறை திரும்ப வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று தேவையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நம்ம சிங்கப்பூருக்கு வருவோம்.

இங்கே ராஜாவும் இல்லை, மானிய நிலமும் இல்லை. 1949ல் இந்திய நுண்கலைச் சங்கம் (சிஃபாஸ்) தொடங்கியது. 1952ல் கே.பி. பாஸ்கர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் இங்கே இறங்கினார். இங்கிருந்த இந்தியர்கள் கேட்டுக்கொண்டதால் தங்கிவிட்டார், நடனப் பள்ளி ஆரம்பித்தார். 1955ல் அவரை மணந்து கேரளாவிலிருந்து வந்த சாந்தா பாஸ்கருக்கு அப்போது 16 வயதுதான். 1958ல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதநாட்டியத்தில் கொண்டுவந்தார். சீனக் கதையைப் பார்த்துப் பழகி, இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி செய்தார்.

ஆனால் மேடையில் ஆடி மட்டும் அவர்கள் பிழைக்கவில்லை. பிழைக்கவும் முடியாது. இன்றைக்கும் இங்கே இந்திய நடனக் கலைஞர் பலருக்குச் சோறு போடுவது வகுப்புதான். பள்ளி இணைப்பாட நடவடிக்கை, சமூக மன்றம், 1967ல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய 100 கலம் நெல். மாதம் பார்த்து வரும், பள்ளி விடுமுறையில் நின்றுவிடும்.

கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திராவில் படித்த நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் 1977ல் அப்சராஸ் ஆர்ட்ஸ் தொடங்கினார்கள். நீலா அம்மாவுக்கு 1989லும் சாந்தா அம்மாவுக்கு 1990லும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. இரண்டு பேரும் இன்று இல்லை. ஆனால் அப்சராஸை மாணவர் அரவிந்த் குமாரசாமி நடத்துகிறார், பாஸ்கர் குடும்பத்துப் பள்ளியை மகள் மீனாட்சி பார்த்துக்கொள்கிறார். உறவாக இருந்தாலும் மாணவராக இருந்தாலும் தகுதியான அடுத்த ஆள். கல்வெட்டு கேட்டதும் அதைத்தானே.

இட விஷயத்தில் அரசாங்கம் கை கொடுத்தது. பழைய கட்டடங்களைக் கலைக்குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கும் திட்டம் 1985ல் ஆரம்பித்தது. 1991ல் தேசிய கலைகள் மன்றம் வந்தது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாம்ஃபர்ட் கலை நிலையம் ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிக்கூடம். புதுப்பித்து 2018ல் மரபுக் கலைகளுக்காகத் திறந்தார்கள். கிருஷ்ணனைக் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்.

நடனத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. கோயில் வாசிப்புக்கு என்ன ஆச்சு? நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் எந்தப் பூஜை? ஆனால் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வருகிறவர்கள். அருமையாக வாசிக்கிறார்கள், ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போகிறார்கள். சிராங்கூன் சாலையில் இத்தனை கோயில் இருந்தும், நாதஸ்வரம் பிடிக்கும் உள்ளூர்ப் பிள்ளையை விரல் விட்டு எண்ணலாம்.

உறுமி, தவில் அடிக்கும் பையன்களுக்கு இன்னொரு தடை இருந்தது. தைப்பூச ஊர்வலத்தில் சாலையில் இசைக்கருவி வாசிக்க 1973ல் தடை வந்தது. கோயிலுக்குள் வாசிக்கலாம், சாலையில் கூடாது. 43 வருஷம் கழித்து, 2016ல்தான் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. வருஷத்தில் பெரிய கூட்டம் கூடும் நாளில் வாசிக்க முடியாத கருவியை எந்தப் பிள்ளை ஆசையாகக் கற்றுக்கொள்ளும்?

பிறகு கொவிட். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாம் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். கல்யாணம் இல்லை, கச்சேரி இல்லை, வகுப்பும் கணினித் திரையில்தான். 2021 தைப்பூசத்துக்குக் காவடியே இல்லை. அப்போது தகுதியுள்ள சுயதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதம் கொடுத்தது. கலைத் துறைக்கென்று 55 மில்லியன் வெள்ளியும் ஒதுக்கியது. எத்தனையோ வீட்டில் அந்த ஆயிரம் வெள்ளிதான் அரிசி. வேலை செய்யும் ஒரு மனுஷனாகக் கலைஞரைக் கணக்கில் எழுதியதால்தான் அந்தப் பணம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சால்வையை வைத்து யாரும் வாடகை கட்ட முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஆளை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஓவர்டைம் எழுதிவிட்டுத்தான் கூப்பிடுவோம். "கம்பெனி காரியம்ப்பா" என்று சொன்னால் அவன் சிரிப்பான். கோயிலில் மட்டும் எப்படி அப்படிக் கேட்டோம்? தொண்டு என்பது நாமாக மனசு வந்து செய்வது. இன்னொருவர் பிழைப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆகவே எங்கள் குழு அடுத்த கூட்டத்தில் நிர்வாகத்திடம் மூன்று கேட்கப் போகிறது. ஒன்று, விழா பட்ஜெட்டில் பூவுக்கும் லைட்டுக்கும் முன்னால் கலைஞர் சம்பளத்தை எழுத வேண்டும். இரண்டு, வார நாளில் பூட்டியே கிடக்கும் மேல்மாடி அறையைப் பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும். மூன்று, ஊரிலிருந்து வரும் வித்வான் பக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பிள்ளை உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஏற்பாடு வேண்டும். இடம், வருமானம், அடுத்த ஆள். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. செலவு என்று சொல்வார்கள். ராஜராஜனுக்கும் அது செலவுதான். அதனால்தான் மறக்காமல் கல்லில் வெட்டி வைத்தான்.

அந்த மிருதங்கத் தம்பியைப் போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டியதைக் கவரில் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார். "இது தட்சிணை இல்ல தம்பி, சம்பளம்" என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். இந்த வருஷமும் வருகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ கோயில் விழாவுக்கோ ஒரு கலைஞரைக் கூப்பிட்டால், தேதி சொல்லும்போதே தொகையையும் சொல்லிவிடுங்கள் அன்பர்களே. அவராகக் கேட்கும்படி வைக்காதீர்கள்.