மேரி கட்டடமும் துருப்பிடித்த கீலும்

புதுச்சேரி பீச் ரோட்டில் போய் ‘மேரி கட்டடம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். மேரி யாரோ வெள்ளைக்கார அம்மா என்று நினைத்துவிடாதீர்கள்! ‘மெய்ரி’ என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். 1870 வாக்கில் கட்டியது. 2014 நவம்பர் 29 அன்று, கொட்டிய மழையில், அந்தக் கம்பீரமான கட்டடம் மளமளவென்று சரிந்து விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

பழைய செங்கல் சுவரின் குணம் அது. தாங்கும், தாங்கும்... ஒரு கட்டத்தில் பொசுக்கென்று கைவிட்டுவிடும். இரும்பு அப்படியில்லை. ஒரு கட்டுக்கம்பியை வளையுங்கள். லேசாக வளைத்தால் நிமிர்ந்துகொள்ளும். இன்னும் அழுத்தினால், ‘இனி நிமிர மாட்டேன்’ என்று வளைந்தபடி நின்றுவிடும். ஆனால் உடையாது! அந்த ஓர் இடம் மட்டும், துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி முரண்டு பிடித்துக்கொண்டே திரும்பும். என்ஜினீயர்கள் இதற்கு வைத்த பெயர், ‘பிளாஸ்டிக் கீல்’. பக்கெட் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1914-ல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் கஸின்ட்ஸி, இரண்டு முனையிலும் இறுகப் பிடித்த இரும்பு உத்தரங்கள்மீது எடை ஏற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் கீல் உண்டானதும் உத்தரம் விழுந்துவிடவில்லை. இரண்டு முனை, நடுப்பகுதி என மூன்று இடத்திலும் கீல் வந்த பிறகுதான் கதை முடிந்தது! ஆனால், அவர் எழுதியது ஹங்கேரிய மொழியில். யார் படிப்பார்கள்? அதே வருஷம் உலகப் போர் வேறு.

அடுத்த உலகப் போரில்தான் இது உயிர் காத்தது. 1941-ல் லண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது, ஜான் பேக்கர் என்ற பேராசிரியர் வீட்டுக்குள் வைக்கும் ஓர் இரும்பு மேஜையை வடிவமைத்தார். மாடி இடிந்து மேலே விழுந்தால் மேஜை நசுங்கும். நசுங்கட்டும்! அடியில் படுத்திருப்பவர் பிழைப்பார்.

இன்றைக்கு இந்தச் சோதனை கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. கட்டடத்தின் மாதிரியைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். எந்த இடம் தாங்கும் எல்லையைத் தாண்டுகிறதோ, அங்கே ஒரு வண்ணப் புள்ளி விழும். அதுதான் கீல். புள்ளிகள் எத்தனை என்பதைவிட, முதலில் எங்கே விழுகின்றன என்பதுதான் முக்கியம். உத்தரங்களில் விழுந்தால் கட்டடம் விரிசல் காட்டும், ஆட்களுக்கு ஓட நேரம் தரும். ஒரே தளத்துத் தூண்கள் அத்தனையிலும் மேலும் கீழும் விழுந்தால்... அந்தத் தளமே சாய்ந்து உட்கார்ந்துவிடும். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அகமதாபாத்தில், கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டுக் கட்டிய அடுக்குமாடிகள் பல அப்படித்தான் போயின.

‘அது குஜராத், நமக்கென்ன?’ என்கிறீர்களா? அதே வருஷம் செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு எதிரே கடலடியில் ஒரு நடுக்கம் வந்தது. அளவு சுமார் 5.5. சென்னை வரை ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

மேரி கட்டடம் 2021-ல் திரும்ப எழுந்துவிட்டது. முகம் பழையபடி பிரெஞ்சு முகம்தான். உள்ளே இப்போது கம்பி போட்ட கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும். பீச் ரோடு போனால் பாருங்கள்.