யாருக்கும் வேண்டாத பைன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் ஊரை ஒட்டிய காட்டுச் சாலையோரம் பைன் கட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் மெலிந்த கட்டை ஒன்றின் கதை இது. இரண்டு கைகளால் சுற்றிப் பிடித்துவிடலாம். ஆனால் வெட்டு முகத்தில் ஆண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெருங்கியிருக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் எண்ண முடியாது. வயது நூறு.

அது முளைத்தது 1919இல். முந்தைய ஆண்டு பாண்டெரோசா பைன் மரங்கள் ஏராளமாக விதை விட்டிருந்தன; 1919இல் ஈரமும் வாய்த்தது. லட்சக்கணக்கில் கன்றுகள் எழுந்தன. பழைய காலமாக இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லில் ஓடும் தரைத்தீ அவற்றில் பெரும்பாலானவற்றைத் தின்றிருக்கும். ஆனால் 1882இல் ரயில் வந்தது. அதோடு வந்த ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. புல் இல்லாத தரையில் தீ ஓடவில்லை. மிஞ்சியதை வனத்துறை அணைத்தது. எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இல் விதியே போட்டார்கள்.

ஆக, சாக வேண்டிய கன்றுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் நின்ற இடத்தில் பல நூறு நின்றன. நாய் ரோமம் போல அடர்ந்த காடு என்பார்கள் அங்குள்ளவர்கள். நம் பைனுக்கு வெயிலும் போதவில்லை, தண்ணீரும் போதவில்லை. முதிர்ந்த பாண்டெரோசாவுக்குப் பட்டை தடித்திருக்கும், கீழ்க்கிளைகள் உதிர்ந்திருக்கும். தரைத்தீ அடியைக் கருக்கிவிட்டுப் போய்விடும். இந்தச் சோனி மரமோ தரையில் கிடக்கும் தீயை உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணி.

2010 ஜூனில், யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் தீயிலிருந்து ஷுல்ட்ஸ் என்று பெயர் பெற்ற காட்டுத்தீ கிளம்பி, ஊருக்கு வடக்கே மலைச்சரிவில் சுமார் 15,000 ஏக்கரை எரித்தது. அடிவாரத்து வீடுகள் தப்பின. அடுத்த மாதம் மழை வந்தது. வெந்த மண் தண்ணீரை உறிஞ்சவில்லை. சரிவிலிருந்து சாம்பலும் பாறையுமாக வெள்ளம் குடியிருப்புகளுக்குள் இறங்கியது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் போனாள். 2012 நவம்பரில், நெருக்கமாக நிற்கும் மரங்களை வெட்டிக் காட்டைக் கலைத்துவிட ஒரு கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று கேட்டபோது ஊரின் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் சரி என்றார்கள். காடு பெரும்பாலும் மத்திய அரசுடையது. செலவை ஏற்றது நகரம்.

நிற்க வேண்டிய மரங்களுக்கு வண்ணம் பூசுவார்கள். நம் பைனுக்கு அது கிடைக்கவில்லை. இயந்திரம் அடியைப் பிடித்தபடியே அறுத்து, இன்னும் சிலதோடு சேர்த்துக் கட்டாகச் சாய்த்தது. வெட்டுவது சில நொடி வேலை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். காட்டைக் கலைத்துவிடுவது மரவியாபாரிகளுக்கான சாக்கு என்ற குற்றச்சாட்டு உண்டு. தடித்த மரங்கள் விஷயத்தில் விழிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டைக்கு எந்த வியாபாரி வருவார்? பலகை தேறாது. ஊரின் பெரிய மரஅறுவை ஆலை 1990களிலேயே மூடப்பட்டுவிட்டது. 2012இல் 3 லட்சம் ஏக்கரைப் பத்தாண்டில் கலைத்துவிட வனத்துறை ஒப்பந்தம் போட்டது. கட்டைகளை எடுக்க ஆள் இல்லாமல் அதில் சிறு பகுதிதான் நடந்தது. எடுக்கும் மரத்தில் கொஞ்சம் சரக்கு ஏற்றும் தட்டுகளாகிறது. கொஞ்சம் அடுப்புக்கான மரக்குளிகைகளாகிறது. கொஞ்சம் ஸ்னோஃபிளேக் ஊரின் மின்நிலையத்தில் எரிகிறது. சோதனை முயற்சியாகச் சில்லுகளைக் கன்டெய்னரில் நிரப்பித் தென்கொரியாவுக்குக்கூட அனுப்பிப் பார்த்தார்கள். நுனியும் கிளையும் காட்டிலேயே குவிந்து, பனி விழுந்த பிறகு கொளுத்தப்படுகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரத்தை வெட்டிவிட்டோம், வீடு தப்பிவிடும் என்று யாரும் படுத்துத் தூங்க முடியாது. காட்டுத்தீயில் வீடுகள் பற்றுவது பெரும்பாலும் பறந்து வரும் கங்குகளால்தான் என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். கூரைத் தூம்பில் சேர்ந்த பைன் ஊசிகளையும், சுவரோரம் அடுக்கிய விறகையும் எந்த இயந்திரமும் வந்து அகற்றாது. காட்டைக் கலைத்தால் தீ தரைக்கு இறங்கும், மலைச்சரிவும் நீர்ப்பிடிப்பும் பிழைக்கும்; வீட்டைச் சுற்றி நூறடியைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

கடைசியில் நம் கட்டைக்கும் கேட்பார் வந்தார்கள். 2019இல் நவஹோ அனல்மின் நிலையமும் அதற்கு நிலக்கரி கொடுத்த கயென்டா சுரங்கமும் மூடப்பட்டன. அந்தக் கரியை நம்பிக் குளிர்காலம் தள்ளிய நவஹோ, ஹோப்பி பழங்குடிக் குடும்பங்களுக்கு அடுப்பெரிக்க வழியில்லாமல் போயிற்று. காட்டைக் கலைத்தபோது கிடைத்த கட்டைகளை அவர்களுடைய ஊர்களுக்கு விறகாக அனுப்பும் திட்டம் 2020இல் தொடங்கியது. வனத்துறையும் தேசிய வன அறக்கட்டளையும் பழங்குடி அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. லாரி ஊர் எல்லையில் கட்டைகளை இறக்குகிறது. அறுப்பதும் பிளப்பதும் ஊர்க்காரர்கள்.