பத்து ரூபாயும் பழம்புடவையும்

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோயிலில் திரளும் ஜனசமுத்திரத்தினிடையே, தம் பெண்மக்களின் கையைப் பற்றிக் கோமதியம்மன் சந்நிதிக்கு நடக்கும் தாய்மார்களுள் எத்தனை பேர், தெய்வ சந்நிதியில் சிறுமியின் கழுத்தில் பொட்டுக்கட்டி, ஆயுள் உள்ளளவும் அவளைத் தாசியாக்கும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் விலக்கப்பட்டது என்பதை அறிவார்கள்? அந்த விடுதலைக்கு உழைத்தவர்களுள், தாமே விலைக்கு விற்கப்பட்ட ஒருவர் இருந்தார். அவர்தாம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

அடிமைத்தனத்தை நியாயஸ்தலங்கள் அங்கீகரிக்கலாகாது என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விதித்தது. சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் தெய்வத்தின் பெயரால் நடந்த இவ்வழக்கம் அச்சட்டங்களுக்குத் தப்பிப் பிழைத்தது. அதன் வேர் பக்தியில் மட்டுமன்றி நிலத்திலும் ஓடியிருந்தது. கோயில் ஊழியத்துக்கென விடப்பட்ட மானியம், ஊழியம் செய்ய ஒரு பெண் இருக்கும்வரையில்தான் அந்த வீட்டுக்கு உரியது. ஆகவே, பெண்மகவு இல்லாத வீட்டார் பிறர் குழந்தையைச் சுவீகாரம் என்ற பெயரால் விலைக்கு வாங்கவும் துணிந்தனர்.

1883-ஆம் ஆண்டில் பிறந்த இராமாமிர்தம் அவ்வாறு கைமாறிய குழந்தையே. குடும்பத்தை விட்டுச் சென்ற கணவரைத் தேடிப் புறப்பட்ட தாய், ஐந்து வயதுச் சிறுமியை ஒரு தாசியின் வீட்டில் ஒப்படைத்துப் பெற்றுக்கொண்டது பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும். அவ்வீட்டில் ஆடலும் பாடலும் பயின்று வளர்ந்த பெண்ணை, பருவம் வந்ததும் முதியவர் ஒருவருக்குக் கொடுக்க முயன்றபோது, அவர் அதற்கு இணங்காமல், தமக்குச் சங்கீதம் போதித்த சுயம்புப் பிள்ளையையே கணவராக வரித்தார். தாசிக்குலப் பெண்ணுக்கு விவாகம் இல்லை என்றிருந்த காலத்தில் அந்த மணவாழ்க்கையே அவருடைய முதற்கிளர்ச்சி.

பின்னர்க் காங்கிரஸிலும், அதன்பின் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திலும் தொண்டாற்றிய அம்மையார், 1925-இல் மாயவரத்தில், தாசிக்குலத்தாரும் அடங்கிய இசைவேளாளர் சமூகத்தின் மாநாட்டைக் கூட்டுவதில் முன்னின்றார். மேடைப் பேச்சோடு நில்லாமல் தாசிகளின் இல்லங்களுக்கே சென்று, பொட்டுக்கட்ட வேண்டாம் என்று வாதாடி, இளம் பெண்களுக்கு விவாகம் செய்துவைத்தார். 1936-இல் வெளிவந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலில், மைனர்களின் சொத்து எவ்விதம் கரைக்கப்படுகிறது, தாய்க்கிழவிகளின் சூழ்ச்சி எத்தகையது என்பவற்றை உள்ளிருந்து கண்டவரின் துணிவோடு விவரித்தார். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் கால்நடையாகச் சென்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான போரைச் சட்டசபையில் நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேசபக்தர் சத்தியமூர்த்தி போன்றவர்களும் எதிர்த்த நிலையில், அவர் முயற்சியால் 1929-இல் நிறைவேறிய சட்டம், மானிய நிலத்தை ஊழியக் கட்டினின்று விடுவித்து, பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாமலே நிலத்தை அனுபவிக்க வழிசெய்தது. பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

சட்டம் நிலத்தை விடுவிக்கலாம், குற்றத்தைத் தண்டிக்கலாம். ஆனால், இதுவே நம் குலதர்மம், இதைவிட்டால் வேறு வாழ்வில்லை என்று நம்பியிருந்த பெண்ணின் முன்னே, வேறு வாழ்வு உண்டு என்பதற்குத் தம்மையே சாட்சியாக நிறுத்த, அவ்வீட்டில் வளர்ந்து வெளியேறிய ஒருவரால்தான் இயன்றது. எதிரிகளின் வசைகளைக் காட்டிலும் தம் இனத்தாரின் வெறுப்பையே மிகுதியும் தாங்கி, அப்பணியை இராமாமிர்தம் அம்மையார் நிறைவேற்றினார்.

1962-இல் மறைந்த அம்மையாரின் பெயரை 1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு சூட்டியது. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உதவியாக மாறி, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. சங்கரன்கோயில் வட்டாரத்து ஏழை வீடுகளிலிருந்து கல்லூரி செல்லும் மாணவியருக்கும் அவ்வுதவி உரியது. பணத்தோடு அதற்குப் பெயர் தந்தவரின் சரித்திரத்தையும் அவர்களுக்குப் போதிப்பது நம் கல்விச்சாலைகளின் கடமை. தம் கல்விக்கு முன்னோடியாக எத்தகைய பெருமாட்டி போராடினார் என்று அறிந்த பெண்ணை எவரும் எளிதில் விலைபேச இயலாது.