சுவரொட்டியும் சிறுவணிகமும்: பூச்சோங் காட்டும் மொழி வரலாறு

'விளம்பு' என்னும் வினைக்குப் பலரறியச் சொல்லுதல் என்பது பொருள். 'விளம்பரம்' என்னும் சொல்லை அதனோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம். அச்சு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ் வணிகர் விளம்பரம் அறிந்திருந்தனர். கடைத்தெருக்களில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் குறிப்பிடுகின்றன. கள் விற்ற இடத்திற்கும் தனிக்கொடி இருந்தது.

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டிலேயே தமிழ் நூல் அச்சேறியது. எனினும் சிறுவணிகர் கைக்கு அச்சு எட்ட மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. இந்தியாவில் அச்சகங்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1835இல் நீங்கியது. செருமானியரான செனபெல்டர் 1796இல் கண்டறிந்த கல்லச்சு முறை, படத்தையும் எழுத்தையும் ஒரே தாளில் மலிவாகப் பதிக்க வழிசெய்தது. சுவரொட்டி பெருகியது அதன் பின்னரே. மண்வெட்டி, நாள்காட்டி என்பன போலப் பெயரும் வினையும் 'இ' விகுதியும் கூடி அமைந்த சொல் அது.

இனிப் பூச்சோங்கிற்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த வட்டாரம் இது. காசல்பீல்டு, கின்றாரா ஆகிய பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. தோட்டத்தில் முறுக்குச் சுட்டு விற்ற பெண்மணிக்குச் சுவரொட்டி தேவைப்படவில்லை. எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதை லயம் முழுவதும் அறிந்திருந்தது. தோட்டங்கள் தாமான்களாக மாறின. 1999இல் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அண்டை வீட்டாரே அறியாதவராயினர். அறியாதவரிடம் விற்க வேண்டிய நிலையில்தான் அச்சிட்ட தாள் இன்றியமையாததாயிற்று. ஆகவே, சுவரொட்டி வணிகத்தின் சான்று மட்டுமன்று. இடம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் சான்றுமாகும்.

தீபாவளிக் காலத்துத் துண்டறிக்கைகள் சிலவற்றை நான் சேர்த்து வைத்துள்ளேன். அவற்றில் மொழிகள் தமக்குள் பணியைப் பகிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். விலையும் முகவரியும் ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைகின்றன. பொது இடத்தில் நிறுத்தும் விளம்பரத்தில் மலாய்மொழி முதன்மை பெறவேண்டும் என்பது ஊராட்சி விதி. தமிழோ முறுக்கு, அதிரசம், பூமாலை என்னும் பெயர்களிலும் வாழ்த்து வரியிலும் நிற்கிறது. உறவு கொண்டாட வேண்டிய இடத்திற்கு வணிகர் தமிழை வைத்திருக்கிறார்.

அந்த ஒரு வரியும் பல வேளைகளில் சிதைந்து அச்சாகிறது. 'கொ' என்னும் எழுத்தின் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னே சென்று நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். வடிவமைக்கும் மென்பொருள் தமிழ் எழுத்துகளை முறைப்படி கோக்காததே காரணம். முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது இம்மண்ணில்தான். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. கருவி இருந்தும் பிழை நேர்கிறது என்றால், அச்சிடுமுன் படித்துப் பார்க்க ஒருவர் இல்லை என்பதே பொருள்.

அந்த ஒருவராக ஆசிரியரும் மாணவரும் இருக்கலாம். அருகிலுள்ள சிறுகடையின் தமிழ் வரியை அச்சுக்கு முன் திருத்திக் கொடுங்கள். கையில் கிடைக்கும் துண்டறிக்கையின் பின்புறத்தில் நாளும் இடமும் குறித்துப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். மழையில் கரைந்துபோகும் இத்தாள்களில்தான் மலேசியத் தமிழரின் அன்றாடச் சொல்வளம் பதிவாகியுள்ளது. அவற்றை இழந்தால், நாம் எவ்வாறு பேசி விற்று வாங்கினோம் என்பதற்குச் சான்று இராது.